மதிப்பெண்ணும் ஜனக்கணக்கும்: டன்பார் உயர்நிலைப் பள்ளியின் சரித்திரம்



ஒரு பொதுப் பள்ளியின் பரீட்சைத் தேர்ச்சி விவரத்தையும், அங்கே பயிலும் பிள்ளைகளின் இனம், குடும்ப வருவாய், பெற்றோரின் தொழில் முதலியவற்றைக் காட்டும் ஜனக்கணக்கையும் அருகருகே வைத்து நோக்கும்போது, முன்னதற்குப் பின்னதே காரணம் என்னும் முடிவு, நாம் யோசிக்கத் தொடங்கும் முன்பே நம் மனத்தில் வந்து அமர்ந்துவிடுகிறது. ஏழைப் பிள்ளைகள் மிகுந்த பள்ளியில் மதிப்பெண் குறைந்திருந்தால் நாம் வியப்படைவதில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மிகுந்த பள்ளியில் அது உயர்ந்திருந்தாலும் வியப்படைவதில்லை. இந்த வியப்பின்மையையே இன்று உங்கள் முன்னிலையில் விசாரணைக்கு உட்படுத்த விரும்புகிறேன். அதற்குச் சாட்சியாக, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைநகராகிய வாஷிங்டனில் உள்ள ஒரு பொதுப் பள்ளியின் சரித்திரத்தை எடுத்துக்கொள்கிறேன். பால் லாரன்ஸ் டன்பார் என்னும் கறுப்பினக் கவிஞரின் பெயரைத் தாங்கிய அந்த உயர்நிலைப் பள்ளி, பெரும்பாலும் ஒரே இனத்துப் பிள்ளைகளைக் கொண்டு, ஒரே நகரத்தில் இருந்தபடியே, ஒரு நூற்றாண்டின் முற்பகுதியில் அந்நாடு முழுவதும் போற்றிய பள்ளியாகவும், பிற்பகுதியில் தேர்ச்சியில் மிகவும் பின்தங்கிய பள்ளியாகவும் விளங்கியிருக்கிறது. பிள்ளைகளின் இனம் மாறவில்லை, மதிப்பெண் மாறிற்று. ஆதலால் காரணத்தை இனத்தில் தேடுகிறவர்கள் இந்தப் பள்ளியின் வாயிலிலேயே திரும்பிப் போக வேண்டியவர்களாகிறார்கள். ஆனால், முயற்சி ஒன்றிருந்தால் போதும், மற்றவையெல்லாம் சாக்குப்போக்கு என்று சொல்லுகிறவர்களுக்கும் இதே பள்ளி மறுப்புரை வைத்திருக்கிறது. இவ்விரு கட்சியாரும் டன்பாரின் சரித்திரத்தில் தங்களுக்கு வேண்டிய பாதியை மட்டும் வாசித்திருக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

வாஷிங்டன் நகரத்தில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது 1862-ஆம் ஆண்டில். அதற்கு எட்டே ஆண்டுகளுக்குப் பின், 1870-இல், பதினைந்தாம் தெருவிலிருந்த பிரஸ்பிடீரியன் தேவாலயத்தின் அடித்தள அறையில், கறுப்பின இளைஞர்களுக்கான ஆயத்த உயர்நிலைப் பள்ளி ஒன்று தொடங்கப்பெற்றது. கறுப்பின மக்களுக்கென்று பொதுப் பணத்தில் அந்நாட்டில் ஏற்பட்ட முதல் உயர்நிலைப் பள்ளி அதுவே. ஓபர்லின் கல்லூரியில் 1862-இல் பட்டம் பெற்று, கறுப்பினப் பெண்களுள் முதல் கலைப் பட்டதாரி என்று புகழப்பெற்ற மேரி ஜேன் பாட்டர்சன் அம்மையார், பள்ளி தொடங்கிய மறு ஆண்டே அதன் தலைமையை ஏற்றார். நடுவே ஓராண்டு, ஹார்வர்டு கல்லூரியின் முதல் கறுப்பினப் பட்டதாரியாகிய ரிச்சர்டு கிரீனர் அப்பதவியில் இருந்தார். தலைமுறை தலைமுறையாக எழுத்தறிவு விலக்கப்பட்டிருந்த ஒரு சமூகம், விலங்கு கழன்ற பத்தாண்டுக்குள் தன் பிள்ளைகளுக்கு லத்தீனும் கிரேக்கமும் க்ஷேத்திரகணிதமும் கற்பிக்க ஓர் அடித்தள அறையைத் தேடிக்கொண்டது என்றால், அந்தத் தாகத்தின் அளவை நாம் எந்தப் புள்ளிவிவரத்தில் எழுதுவது? பள்ளி 1891-இல் எம் தெருவில் கட்டப்பெற்ற கட்டடத்துக்குக் குடிபெயர்ந்து எம் தெரு உயர்நிலைப் பள்ளி என்று வழங்கப்பெற்றது. 1916-இல் புதிய மாளிகை எழுந்தபோது டன்பாரின் பெயரைப் பெற்றது.

1899-ஆம் ஆண்டில் வாஷிங்டனின் உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஒரு பொதுப் பரீட்சை வைக்கப்பட்டது. நகரத்தில் வெள்ளையருக்கு மூன்று பள்ளிகளும், கறுப்பினத்தவருக்கு இந்த ஒரு பள்ளியும் இருந்தன. முடிவு வந்தபோது, வெள்ளையர் பள்ளிகள் மூன்றில் இரண்டைவிட எம் தெருப் பள்ளியின் சராசரி உயர்ந்திருந்தது. மண்டையோட்டை அளந்து அறிவின் தரத்தை நிர்ணயிக்கலாம் என்று பண்டிதர்கள் சிலர் நம்பிக்கொண்டிருந்த காலம் அது என்பதை நினைவிற் கொண்டால், இந்த முடிவின் கனம் விளங்கும்.

அந்தப் பிள்ளைகள் யார்? பொருளாதார அறிஞர் தாமஸ் சோவல், இந்தப் பள்ளியைப் பற்றி 1974-இல் எழுதிய கட்டுரையில், பழைய பதிவேடுகளை ஆராய்ந்து, 1892-93-ஆம் கல்வியாண்டில் தொழில் தெரிந்த பெற்றோருள் கூலித் தொழிலாளிகள் 51 பேர் என்றும், மருத்துவர் ஒரே ஒருவர் என்றும் எடுத்துக் காட்டினார். மருத்துவர், வழக்கறிஞர் ஆகியோரின் மக்கள் மட்டுமே அங்கே படித்தார்கள் என்று நெடுங்காலமாகச் சொல்லிவந்த பேச்சு இதனால் வலுவிழக்கிறது. ஆயினும் அந்தப் பேச்சை நான் முழுவதும் ஒதுக்கத் துணியமாட்டேன். பள்ளி வளர்ந்து புகழ்பெற்ற பிற்காலத்தில், தங்களைப் போன்ற எளியவர்களுக்கும், நிறம் கறுத்தவர்களுக்கும் அங்கே இடமில்லை என்ற மனக்குறை நகரத்தின் கறுப்பின மக்கள் பலரிடம் இருந்தது. அதை அவர்களே பல முறை சொல்லியிருக்கிறார்கள். மனக்குறை அவ்வளவு பரவலாக இருந்ததென்றால், பதிவேடு என்ன சொன்னாலும், அதுவும் பள்ளியின் சரித்திரத்தில் ஒரு பகுதியே.

இனி உபாத்தியாயர்களிடம் வருவோம். இங்கேதான் நான் சற்று நின்று பேச விரும்புகிறேன். தலைநகரத்தின் பள்ளிகள் மத்திய அரசாங்கத்தின் மேற்பார்வையில் நடந்தமையால், தெற்கு மாகாணங்களில் இருந்த வழக்கத்துக்கு மாறாக, கறுப்பின ஆசிரியர்களுக்கும் வெள்ளை ஆசிரியர்களுக்கும் ஒரே ஊதிய விகிதம் இருந்தது. அதே சமயத்தில், ஒரு கறுப்பினத்தவர் ஹார்வர்டிலோ சிகாகோவிலோ டாக்டர் பட்டம் பெற்று வந்தாலும், வெள்ளையர் கல்லூரி எதுவும் அவருக்குப் பேராசிரியர் பதவி தரவில்லை. ஆராய்ச்சிசாலைகளும் பெரிய தொழில் ஸ்தாபனங்களும் கதவடைத்தே இருந்தன. கௌரவமான ஊதியம் கிடைக்கும் உத்தியோகங்கள் மிகச் சிலவாகவும், அவற்றைப் பெறத்தக்க மேதைகள் பலராகவும் இருந்த அந்த நிலையில், வேறு சமுதாயமானால் சர்வகலாசாலைகளை அலங்கரித்திருக்க வேண்டியவர்கள், பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வந்தார்கள். ஹார்வர்டில் 1912-இல் சரித்திரத்தில் டாக்டர் பட்டம் பெற்று, பிற்காலத்தில் கறுப்பின சரித்திர ஆராய்ச்சிக்கே தந்தை என்று போற்றப்பெற்ற கார்ட்டர் வுட்சன் இங்கே ஆசிரியராக இருந்தார். 1921-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் முதன்முதலாக மூன்று கறுப்பினப் பெண்மணிகள் டாக்டர் பட்டம் பெற்றார்கள். ஈவா டைக்ஸ், ஜார்ஜியானா சிம்ப்சன், சேடி மாசல் என்ற அம்மூவருள் முதல் இருவர் டன்பாரில் ஆசிரியைகளாக இருந்தவர்கள். மூன்றாமவர் எம் தெருப் பள்ளியின் மாணவி. எந்த நாட்டின் பொதுப் பள்ளிக்கு இத்தகைய ஆசிரியர் குழு வாய்த்திருக்கிறது?

அவர்களுள் ஒருவரை மட்டும் தனியே குறிப்பிடாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனா ஜூலியா கூப்பர் அம்மையார் 1858-இல் வட கரோலினாவில் அடிமையாகப் பிறந்தவர். ஓபர்லினில் கணிதம் பயின்று பட்டம் பெற்று, 1887-இல் இந்தப் பள்ளிக்கு ஆசிரியையாக வந்து, 1902-இல் தலைமையாசிரியை ஆனார். கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தச்சும் கொல்லும் சமையலும் தையலுமே தகுந்த கல்வி என்ற எண்ணம் அக்காலத்தில் ஆட்சியாளரிடையே ஓங்கி நின்றது. கைத்தொழிலை அம்மையார் இழிவாகக் கருதியதில்லை. ஆனால் ஒரு பிள்ளை இன்ன இனத்தில் பிறந்ததென்பதற்காகவே அதற்கு வெர்ஜிலையும் சிசரோவையும் மறுப்பதற்கு எவருக்கும் உரிமையில்லை என்பதில் அணுவளவும் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் தலைமையில் பயின்ற பிள்ளைகள் ஹார்வர்டு, யேல், பிரவுன் போன்ற உயர்ந்த ஸ்தாபனங்களில் இடம் பெற்றார்கள். பாடத்திட்டத்தைத் தாழ்த்த வேண்டும் என்று மேலதிகாரிகள் வற்புறுத்தியபோது அவர் மறுத்தார். நிர்வாகத்தைப் பற்றியும் ஒழுக்கத்தைப் பற்றியும் பலவகைக் குற்றச்சாட்டுகள் அவர்மீது கிளப்பப்பட்டன. 1906-இல் அவருக்கு மறுநியமனம் தரப்படவில்லை. நான்கு ஆண்டுகளுக்குப் பின் அதே பள்ளிக்கு, தலைமைப் பதவியின்றி, லத்தீன் ஆசிரியையாக அவர் திரும்பி வந்தார். தம் உறவினர் விட்டுச் சென்ற ஐந்து குழந்தைகளை வளர்த்துக்கொண்டே, பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அடிமைமுறையைக் குறித்து பிரான்சு கொண்டிருந்த மனப்பான்மையைப் பற்றி ஆராய்ந்து, 1925-இல், அறுபதைக் கடந்த வயதில், பாரிஸ் சர்வகலாசாலையின் டாக்டர் பட்டத்தைப் பெற்றார். இத்தகைய ஒருவர் காலையில் வகுப்பறைக்குள் நுழையும்போது, உன்னால் இவ்வளவுதான் முடியும் என்று எந்தப் பிள்ளைக்கும் எவரும் சொல்ல வேண்டிய அவசியம் ஏற்படுமா? மதிப்பெண் பட்டியலுக்குள் அகப்படாத காரணங்களுள் தலையாயதாக நான் இதையே கருதுகிறேன்.

விளைவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரத்தத்தின் பிளாஸ்மாவைப் பிரித்துச் சேமிக்கும் முறையை வகுத்த சார்லஸ் டிரூ, மத்திய நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி வில்லியம் ஹேஸ்டி, தரைப்படையின் முதல் கறுப்பின ஜெனரல் பெஞ்சமின் டேவிஸ், மந்திரி சபையில் இடம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ராபர்ட் வீவர், மக்கள் வாக்கால் செனட் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்ற முதல் கறுப்பினத்தவர் எட்வர்டு புரூக் ஆகிய அனைவரும் இப்பள்ளியின் மாணாக்கர்கள். ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி 1892 முதல் 1954 வரை இங்கிருந்து 34 பேரைச் சேர்த்துக்கொண்டது. அவர்களுள் ஏறக்குறைய முக்கால் பங்கினர் பட்டம் பெற்றார்கள்.

இதனால், இனமும் வறுமையும் ஒரு பொருட்டே இல்லை, நல்ல ஆசிரியரும் கண்டிப்பும் இருந்தால் எந்தப் பள்ளியும் டன்பார் ஆகிவிடும் என்று முடிவு செய்யலாமா? அவசரப்படக் கூடாது. டன்பாருக்கு மாணாக்கர் வந்து சேர்ந்த வழியையும் பார்க்க வேண்டும். அது ஒரு பேட்டைக்கு உரிய பள்ளியாக இருக்கவில்லை. நகரம் முழுவதிலுமிருந்து, மேற்படிப்பில் நாட்டங்கொண்ட கறுப்பினப் பிள்ளைகள் அங்கே வந்தார்கள். தொழிற்கல்வி விரும்புகிறவர்களுக்கு 1902-இல் ஆம்ஸ்டிராங் பள்ளி ஏற்பட்டது. வணிகக் கல்விக்குக் கார்டோசோ பள்ளி தனியே இருந்தது. கடுமையான பாடத்தைத் தாங்க முடியாதவர்கள் நடுவில் விலகினார்கள். அக்கம்பக்கத்து மாகாணங்களில் நல்ல பள்ளியின்றித் தவித்த பெற்றோர்கள், இந்த ஒரு பள்ளிக்காகவே தலைநகரத்துக்குக் குடிவந்தார்கள். போதாக்குறைக்கு, 1867-இல் தோன்றிய ஹோவர்டு சர்வகலாசாலையும் அரசாங்க அலுவலகங்களும் கல்வியை மதிக்கும் கறுப்பினக் குடும்பங்களை அந்நகரத்துக்கு ஈர்த்துக்கொண்டிருந்தன. கூலிக்காரரின் பிள்ளையாயினும், அந்தப் பிள்ளையை அங்கே அனுப்பிய தகப்பனார் ஒரு தீர்மானத்தோடு அனுப்பினார். ஜனக்கணக்குப் பட்டியலில் தொழிலுக்கு ஒரு பத்தி உண்டு. தீர்மானத்துக்குப் பத்தி கிடையாது. இப்படித் தாமாகத் திரண்ட பிள்ளைகளும், அநீதியால் வேறு போக்கிடம் அடைபட்ட மேதைகளும் ஒரே கூரையின் கீழ்க் கூடிய கூட்டே டன்பாரின் பழைய மதிப்பெண்.

இந்தக் கூட்டு எப்படிக் குலைந்தது என்பது இந்தச் சரித்திரத்தில் மிகவும் துயரமான அத்தியாயம். அதைக் குலைத்தவர்களுள் முதன்மையானவர் இப்பள்ளியிலேயே பயின்றவர். சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் 1911-இல் எம் தெருப் பள்ளியில் தேறி, ஆம்ஹர்ஸ்டிலும் ஹார்வர்டு சட்டக் கல்லூரியிலும் படித்து, ஹோவர்டின் சட்டக் கல்லூரியைச் சீர்படுத்தி, தர்குட் மார்ஷல் போன்ற மாணாக்கர்களை உருவாக்கியவர். 1940-களின் பிற்பகுதியில் வாஷிங்டனின் கறுப்பினப் பள்ளிகள் பிள்ளைகளால் நிரம்பி வழிந்து, பிரௌன் நடுநிலைப் பள்ளியில் ஒரே நாளில் இருவேளை வகுப்பு நடத்த நேர்ந்தபோது, வெள்ளையர் பள்ளிகளில் இடங்கள் காலியாகக் கிடந்தன. கார்டனர் பிஷப் என்னும் முடிதிருத்தும் தொழிலாளர் ஒருவர் பெற்றோர்களைத் திரட்டிப் போராட்டம் தொடங்கினார். ஹூஸ்டன் அவர்களுக்காக வழக்காட முன்வந்தார். நோய்வாய்ப்பட்டு 1950-இல் அவர் காலமானபின், வழக்கு வழக்கறிஞர் ஜேம்ஸ் நாப்ரிட்டின் கைக்கு மாறிற்று. அவ்வாண்டு செப்டம்பரில், புதிதாகக் கட்டப்பெற்ற சூசா நடுநிலைப் பள்ளிக்குப் பதினொரு கறுப்பினப் பிள்ளைகளை அழைத்துச் சென்ற பிஷப்புக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அதிலிருந்து எழுந்த போலிங் வழக்கில், 1954 மே 17-ஆம் நாள், தலைநகரத்தின் பள்ளிகளில் இனப் பிரிவினை அரசியலமைப்புக்கு விரோதமானது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தீர்ப்பு நியாயமானது, அதைப் பற்றி எனக்கு லவலேசமும் ஐயமில்லை. பிரிவினையால் ஒரு டன்பார் சிறந்தது என்பதற்காக, பிரிவினையால் நசுங்கிய நூற்றுக்கணக்கான பள்ளிகளை மறந்துவிட முடியாது. ஆனால் தீர்ப்பை நடைமுறைப்படுத்தியவர்கள் வகுத்த ஏற்பாட்டில், ஒவ்வொரு பள்ளியும் அதனதன் சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்கே உரியதாயிற்று. நகரம் முழுவதிலுமிருந்து மாணாக்கரை ஏற்ற டன்பார், ஒரே தீர்மானத்தில், அந்நகரத்தின் மிக வறிய வட்டாரங்களுள் ஒன்றின் பள்ளியாக மாறிற்று. நியாயத்தின் கதவு திறந்தபோது, மேதைகளான இளம் பட்டதாரிகளுக்கு வேறு உத்தியோகங்கள் கிடைத்தன. அது அவர்களுடைய உரிமை. மூத்த ஆசிரியர்கள் ஓய்வு பெற்றார்கள். அவர்களுக்கு நிகரானவர்கள் அந்த இடத்துக்கு வரவில்லை. வெள்ளையர் குடும்பங்கள் நகரத்தைவிட்டுப் புறநகருக்குப் பெயர்ந்தன. வசதியுள்ள கறுப்பினக் குடும்பங்கள் பலவும் பின்தொடர்ந்தன. 1950-இன் ஜனக்கணக்கில் நகர மக்களில் 35 விழுக்காடாக இருந்த கறுப்பினத்தவர், 1960-இல் ஏறக்குறைய 54 விழுக்காடாயினர். சில ஆண்டுகளுக்குள் டன்பாரின் பழைய தரம் மறைந்தது. 1970-களின் பிற்பகுதியில் பழைய மாணாக்கர்களின் வேண்டுகோளையும் மீறி 1916-இன் மாளிகையே இடிக்கப்பட்டது. ஹூஸ்டன் கோரியது சமநீதி. லத்தீன் வகுப்பைக் கலைக்கும்படியோ, மேற்படிப்புக்கு ஆயத்தம் செய்யும் பள்ளியை ஒரு பேட்டைக்குள் அடைக்கும்படியோ அவர் கோரியதில்லை. வெள்ளைப் பிள்ளைகளுக்கும் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் சமமாகத் திறந்த ஒரு டன்பாரை அந்நகரம் ஏன் கற்பனை செய்யவில்லை என்ற கேள்வி என் மனத்தை இன்றும் வருத்துகிறது.

கலப்பு ஏற்பட்டபின்னர் நடந்ததும் கவனத்துக்குரியது. 1956-இல் உயர்நிலைப் பள்ளிகளில், பரீட்சை முடிவைக் கொண்டு மாணாக்கரை நான்கு தடங்களாகப் பிரிக்கும் முறையை நகரத்தின் கல்வி அதிகாரி கார்ல் ஹேன்சன் கொண்டுவந்தார். பிற்பாடு அது தொடக்கப் பள்ளிகளுக்கும் பரவிற்று. தகுதியை மட்டுமே பார்க்கும் முறை என்று அது புகழப்பட்டது. ஜூலியஸ் ஹாப்சன் என்னும் பெற்றோர் ஒருவர் தொடுத்த வழக்கில், 1967-இல், நீதிபதி ஸ்கெல்லி ரைட் ஒவ்வொரு பள்ளியின் செலவையும் ஆசிரியர் தகுதியையும் பரீட்சைகளின் தன்மையையும் துருவி ஆராய்ந்து, ஏழைக் கறுப்பினப் பிள்ளைகள் கீழ்த்தடங்களில் தள்ளப்பட்டு, அங்கேயே நிலைக்க வைக்கப்படுகிறார்கள் என்று கண்டு, அம்முறையை ரத்து செய்தார். பிள்ளையின் திறமையை அளப்பதாகச் சொன்ன பரீட்சை, அந்தப் பிள்ளைக்கு அதுவரை கிடைத்தவற்றையும் மறுக்கப்பட்டவற்றையுமே பெரும்பாலும் அளந்தது. மதிப்பெண்ணை ஜனக்கணக்கோடு சேர்த்துப் படிப்பதற்கு அந்தத் தீர்ப்பைவிடச் சிறந்த பாடநூலை நான் கண்டதில்லை.

அதற்கு முந்திய ஆண்டுதான் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில், ஏறக்குறைய 4,000 பள்ளிகளையும் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட மாணாக்கரையும் ஆராய்ந்த பெரிய அறிக்கை வெளிவந்தது. பள்ளியின் கட்டடம், நூல்நிலையம் ஆகியவற்றைவிடப் பிள்ளையின் குடும்பச் சூழ்நிலையும், உடன் பயிலும் பிள்ளைகளின் சூழ்நிலையுமே தேர்ச்சியோடு நெருங்கிய தொடர்புடையவை என்று அது கூறிற்று. பள்ளிக்கூடத்தால் ஆவது ஒன்றுமில்லை என்று அதற்குப் பொருள் கொண்டவர்கள் பலர். டன்பாரை அறிந்தவர் அவ்வாறு பொருள் கொள்ளமாட்டார். உடன் பயில்வோர் யார் என்பதைத் தீர்மானிப்பது இயற்கையன்று. எல்லைக்கோடு வரையும் அதிகாரியின் பென்சில் அதைத் தீர்மானிக்கிறது. 1954-இன் தீர்ப்புக்குப் பின் அந்தப் பென்சில் டன்பாரைச் சுற்றி ஒரு கோடு வரைந்தது.

2013-இல் டன்பாருக்கு மீண்டும் ஒரு புதிய கட்டடம் திறக்கப்பெற்றது. அழகான கட்டடம், ஆயினும் கணிதத்திலும் வாசிப்பிலும் அங்கே எதிர்பார்க்கும் தரத்தை எட்டும் பிள்ளைகள் இன்னும் சிலரே. அதே நகரத்தில், 1981-இல் தொடங்கப்பெற்ற பெஞ்சமின் பானக்கர் உயர்நிலைப் பள்ளி, விண்ணப்பித்தவர்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்துக்கொள்ளும் பொதுப் பள்ளியாக, பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகளைக் கொண்டே, நகரத்தின் முன்னணியில் நிற்கிறது. பழைய டன்பார் செய்த வேலையைப் பானக்கர் செய்கிறது. இந்த இரு பள்ளிகளின் தேர்ச்சி விவரமும் ஒரே பட்டியலில், மேலும் கீழுமாக, அச்சாகின்றன. மேலே இருப்பதன் ஆசிரியரைப் பாராட்டவும் கீழே இருப்பதன் ஆசிரியரை நொந்துகொள்ளவும் அந்தப் பட்டியல் நம்மைத் தூண்டுகிறது. ஒன்பதாம் வகுப்பில் நுழைந்த நாளில் ஒவ்வொரு பிள்ளையும் எந்த நிலையில் இருந்தது, நான்கு ஆண்டுகளில் எவ்வளவு தூரம் வந்தது, அந்த நான்கு ஆண்டுகளில் எத்தனை ஆசிரியர்கள் நடுவில் மாறிப்போனார்கள், முன்னேறக்கூடிய பிள்ளைகளில் எத்தனை பேரை வேறு பள்ளிகள் முன்பே எடுத்துக்கொண்டன என்னும் நான்கு விவரங்களும் அதே பட்டியலில் இடம்பெறும்வரை, டன்பாரின் இன்றைய ஆசிரியர் ஒருவரைக் குறைகூற எனக்கு மனம் துணியவில்லை. பாட்டர்சன் அம்மையாரின் பள்ளியையும் இவருடைய பள்ளியையும் ஒப்பிடுகிறவர்கள், அந்த அம்மையாரிடம் வந்த பிள்ளைகளையும் இவரிடம் வருகிற பிள்ளைகளையும் எவர் எப்படி அனுப்பிவைத்தார்கள் என்பதை முதலில் எழுதிக்கொண்டு வரட்டும்.